சென்னை மொட்டை மாடியில் சீடம்: ஐப்பசி மழையில் அழுகாமல் காப்பாற்ற எந்த வகை, என்ன கலவை?

வித்யா_தாம்பரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மாடியில் கிழக்குக் கைப்பிடிச் சுவரோரமாக சீடம் (Sedum, இலையில் தண்ணீர் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுச் செடி) வைத்திருக்கிறேன். நர்சரியில் ‘கோல்டன் சீடம்’ என்று தருவது, வெள்ளை ஓரம் போட்ட வெரிகேட்டா, ஜெல்லி பீன், டாங்கி டெயில், ஆன்லைனில் வந்த டிராகன்ஸ் பிளட். எல்லாமே 6 அங்குல பிளாஸ்டிக் தொட்டி. கலவை: செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றும் சம அளவு. போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1100. தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் ஊற்றுகிறேன். வெயில் காலை 6:30 முதல் பகல் 1 மணி வரை விழுகிறது.

இப்போதைய நிலை: டிராகன்ஸ் பிளட் நடுவிலிருந்து கறுத்துக்கொண்டே வெளியே பரவுகிறது. ஜெல்லி பீன் இலை மஞ்சளாகி, உள்ளே தண்ணீர் தெரிகிற மாதிரி ஆகி, தொட்டாலே உதிர்கிறது. கோல்டன் நன்றாக இருக்கிறது, ஆனால் நீண்டு சாய்கிறது. மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது?


பாறைத்தோட்டம் (கோவை) எழுதியது:

வித்யா, முதலில் வகையைப் பார்ப்போம். கலவை அப்புறம். உங்கள் ஐந்தும் ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் மூன்று வேறு தட்பவெப்பத்துச் செடிகள்.

கோல்டன் என்று தருவது பெரும்பாலும் சீடம் மெக்சிகானம். வெரிகேட்டா, சீடம் லினியாரே. இவற்றோடு சீடம் சார்மென்டோசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய இலை, தண்டு படர்ந்து ஓடும். சமவெளி வெப்பத்தையும் ஓரளவு மழையையும் தாங்கும் கூட்டம் இதுதான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ஜெல்லி பீன் என்கிற சீடம் ரூப்ரோடின்க்டம், டாங்கி டெயில் என்கிற சீடம் மார்கானியானம், ஆரஞ்சு ஓரம் கொடுக்கும் சீடம் நஸ்பாமேரியானம், இவை மெக்சிகோ சம்பந்தமுள்ள தடித்த இலைக்காரர்கள். மார்கானியானம் வேராகுரூஸ் பக்கத்துச் செங்குத்துப் பாறைகளில் தொங்கி வளர்வது. மழை பெய்தாலும் வேரில் தண்ணீர் நிற்க வழியில்லாத இடம். இவை நம் வெயிலைப் பழகிக்கொள்ளும், மழையைப் பழகாது. கூரை கட்டாயம்.

டிராகன்ஸ் பிளட், ஏஞ்சலினா, சீடம் ஆக்ரே, சீடம் ஆல்பம் எல்லாம் குளிர்நாட்டுச் செடிகள். பனிக்காலத்தில் ஒடுங்கி ஓய்வெடுத்துப் பழகியவை. சென்னையில் வைகாசி இரவு 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. அதில் இவை தேறாது. நடுவிலிருந்து கறுத்தால் மீட்க முடியாது. பச்சையாக இருக்கும் நுனிகளை வெட்டி யாராவது மலைப்பகுதி நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள். சமவெளியில் இருப்பவர்கள் இதற்குப் பணம் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சீடமும் நம் ஊர் ரணகள்ளியும் ஒரே கிராசுலேசி குடும்பம். இந்தக் குடும்பத்தில் பல செடிகள், முக்கியமாகத் தண்ணீர் குறையும்போது, இலைத்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறக்கும். இரவில் இழுத்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து வைத்து மறுநாள் வெயிலில் பயன்படுத்தும். இரவு குளிர்ந்தால்தான் இந்தச் சேமிப்பு ஒழுங்காக நடக்கும். இரவு புழுக்கமாக இருந்தால் சேமிப்பு குறைகிறது, சுவாசத்தில் செலவு கூடுகிறது. செடி வளராமல் நிற்கும், வேர் தண்ணீரை இழுக்காது. அந்த நேரத்தில் மண் ஈரமாகக் கிடந்தால் பித்தியம் மாதிரியான, பூஞ்சை போன்ற அழுகல் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஆகவே சீடத்தைக் கொல்வது வெயில் மட்டுமோ தண்ணீர் மட்டுமோ இல்லை. வெப்பமான இரவும் ஈர மண்ணும் சேர்வதுதான்.


மாடிச்சட்டி (வேளச்சேரி) எழுதியது:

பாறைத்தோட்டம் அண்ணா சொன்ன பிரிவை அப்படியே ஏற்கிறேன். கலவைக்கு வருகிறேன். வித்யா அக்கா, உங்கள் கலவை கத்திரிக்காய்க்கு நல்லது, சீடத்துக்கு எமன். கோகோபீட் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும். செம்மண்ணின் நுண்துகள் அந்த இடைவெளியை அடைத்துவிடும். மண்புழு உரம் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஆறு மாதத்தில் களி மாதிரி இறுகும்.

தடித்த இலை வகைக்கு, மக் அளவில்:
செங்கல் சில்லு அல்லது பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்), 3 முதல் 6 மி.மீ., 4 மக்
கழுவிய கரடுமுரடு மணல், 1 முதல் 3 மி.மீ., 2 மக்
செம்மண், சலித்துத் தூசி நீக்கியது, 1 மக்
நன்றாக மக்கிய இலை உரம் அல்லது மண்புழு உரம், 1 மக்
அடுப்புக்கரித் துண்டு, கடலைப் பருப்பு அளவு, அரை மக்

மெல்லிய இலை வகைக்கு சில்லை 3 ஆகக் குறைத்து உரத்தை 2 ஆக்கினால் போதும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள்: எம் சாண்டை அப்படியே போடக்கூடாது. அதில் கல் மாவு நிறைய இருக்கும், ஈரமானால் சிமென்ட் பூச்சு மாதிரி படியும். கொத்தனார் சல்லடையில் சலித்து, பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். செங்கல் சரியாக வேகாததாக இருந்தால் சில்லு கரைந்து சேறாகிவிடும். ஒரு துண்டை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் விரலால் தேயுங்கள். மாவு வந்தால் வேண்டாம். கரி என்றால் மரக்கரி மட்டும். சாம்பல் கூடாது, காரத்தன்மையை ஏற்றிவிடும்.

சோதனை: தொட்டியில் கலவையை நிரப்பி ஒரு முறை நனைத்துவிட்டு, மறுபடி கால் லிட்டர் ஊற்றுங்கள். மேலே தேங்காமல் உடனே இறங்கி, பதினைந்து இருபது விநாடிக்குள் அடியில் ஓட வேண்டும். தேங்கி நின்றால் சில்லைக் கூட்டுங்கள்.


கரிசல் (விருதுநகர்) எழுதியது:

கலவை சரி. ஒரு விஷயம் விட்டுப்போச்சு. தொட்டி அடியில் இரண்டு அங்குலம் ஓட்டாஞ்சில்லோ ஜல்லியோ போட்டு அதன் மேல் கலவை போட்டால் வடிகால் இன்னும் நன்றாக இருக்குமே. எங்கள் பக்கம் எல்லா நர்சரியிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.


பாறைத்தோட்டம் (கோவை) எழுதியது:

கரிசல் சார், எல்லோரும் சொல்வதுதான், ஆனால் சீடத்துக்கு அது எதிராகவே வேலை செய்யும். நுண்ணிய கலவைக்குக் கீழே பெரிய கல் இருந்தால் தண்ணீர் உடனே கல்லுக்குள் இறங்காது. கலவையின் அடிப்பகுதி முழுதாக ஊறி, இனித் தாங்க முடியாது என்கிற நிலை வந்த பிறகே சொட்டும். அதாவது ஒவ்வொரு தொட்டியிலும் அடியில் ஒரு ஈர அடுக்கு எப்போதும் நிற்கிறது. ஜல்லி போட்டால் அந்த அடுக்கு காணாமல் போவதில்லை, இரண்டு அங்குலம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பாத்திரம் தேய்க்கும் செவ்வக ஸ்பாஞ்சை முழுக்க நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம் கூடியதால் கீழே பிடித்துவைக்கும் பங்கு குறைந்தது. தொட்டியும் அப்படியே. ஒரே கலவையை 3 அங்குலத் தட்டையான சட்டியில் போட்டால் 6 அங்குலத் தொட்டியைவிட அதிக விகிதம் ஈரமாக நிற்கும். சீடத்துக்கு ஆழமில்லாத சட்டி அழகுதான், வேரும் 3, 4 அங்குலத்துக்கு மேல் கேட்காது. ஆனால் சட்டி தட்டையாக ஆக, கலவை கரடாக வேண்டும். இதை மறந்து போன்சாய் தட்டில் தோட்ட மண் போட்டு சீடம் நடுபவர்கள்தான் அதிகம்.

துளையின் மேல் மண் கொட்டாமல் இருக்க ஒரு கொசுவலைத் துண்டு. அவ்வளவுதான் வேண்டும்.


கரிசல் (விருதுநகர்) எழுதியது:

விளக்கம் தெளிவு. அப்படியானால் ஜல்லியைக் கலவைக்கு உள்ளேயே கலந்துவிடலாம், அடியில் தனியாக வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன். பஞ்சகவ்யா, மீன் அமிலம் கொடுக்கலாமா?


மாடிச்சட்டி (வேளச்சேரி) எழுதியது:

ஜல்லி விஷயம் அதேதான் சார். சில்லு கிடைக்காதவர்கள் கால் இஞ்ச் ஜல்லியைக் கலக்கலாம், எடை மட்டும் கூடும்.

பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் சீடத்துக்குத் தேவையில்லை. தழைச்சத்து கூடினால் கணு நீண்டு, தண்டு பலமில்லாமல் சாயும், நிறம் வெளுத்துப் பச்சையாகும். இலை மென்மையானால் மாவுப்பூச்சியும் தேடி வரும். தை மாதத்திலிருந்து பங்குனிக்குள் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு உள்ளது) ஒரு லிட்டருக்கு அரை கிராம் கரைத்து இரண்டு முறை ஊற்றினால் ஒரு வருடத்துக்குப் போதும். கோடையிலும் மழையிலும் எந்த உரமும் கிடையாது.

வித்யா அக்கா, உங்கள் கோல்டன் நீண்டு சாய்வதற்கும் இதுதான் காரணம். மதியம் வரை வெயில் இருப்பதால் வெளிச்சக் குறைவு இல்லை. மூன்றில் ஒரு பங்கு உரமும் தினமும் தண்ணீரும். முடியை வெட்டுவது மாதிரி மூன்றில் இரண்டு பங்கை வெட்டிவிடுங்கள், அடியிலிருந்து நெருக்கமாகத் துளிர்க்கும். வெட்டியதை நட்டால் அடுத்த சட்டி.


வித்யா_தாம்பரம் எழுதியது:

நன்றி. கலவையை மாற்றுகிறேன். ஆனால் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று ஒருவரும் சொல்லவில்லையே? போர் தண்ணீரால் பிரச்சினை வருமா?


மாடிச்சட்டி (வேளச்சேரி) எழுதியது:

நாள் கணக்கு சொன்னால் தவறாகிவிடும் அக்கா, அதனால்தான் சொல்லவில்லை. ஈர்க்குச்சி வைத்துப் பாருங்கள். தென்னை ஈர்க்கு ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடிவரை சொருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். ஈர்க்கில் கருமையாக ஈரம் ஏறியிருந்தாலோ, கீழ் உதட்டில் வைத்தால் குளிர்ந்தாலோ தண்ணீர் வேண்டாம். நுனிவரை உலர்ந்து வந்தால் தடித்த இலை வகைக்கு இன்னும் இரண்டு நாள் விட்டு ஊற்றுங்கள், மெல்லிய இலை வகைக்கு அன்றே ஊற்றலாம். ஊற்றினால் அடியில் ஓடும்வரை முழுதாக. தினமும் ஒரு டம்ளர் என்பதுதான் மோசமான முறை: மேல் பாதி எப்போதும் ஈரம், உப்பும் வெளியேறாது.

நேரம்: வெயில் காலத்தில் சூரியன் இறங்கியபின், மற்ற மாதங்களில் காலையில். பங்குனி முதல் ஆனி வரை காலை பத்து மணியிலிருந்து சூரியன் இறங்கும்வரை ஊற்றவே வேண்டாம். ஈரக் கலவை மதியம் சூடேறினால் வேர் வெந்துவிடும்.

இலை என்ன சொல்கிறது என்று பார்க்கவும் பழக வேண்டும். மெலிந்து சுருங்கி, ஆனால் உறுதியாக இருந்தால் தாகம். மஞ்சளாகி உள்ளே நீர் தெரிந்து கொழகொழவென்று உதிர்ந்தால் நீர் அதிகம். மூன்றாவது ஒன்று உண்டு: மண் ஈரமாக இருக்கிறது, இலை சுருங்குகிறது. அது தாகமில்லை. வேர் போய்விட்டது, இழுக்க ஆளில்லை. இதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவதில்தான் நிறைய செடிகள் போகின்றன.

போர் தண்ணீர் 1100 டிடிஎஸ் என்றால் சீடம் சாகாது, ஆனால் கலவையின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் படிவு கட்டும், வேர் நுனி கருகும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் உப்பில்லாதது, பிடித்து வைத்துப் பயன்படுத்தலாம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்பு முழுக்க அதில்தான்.


பாறைத்தோட்டம் (கோவை) எழுதியது:

மழைக்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், நேரம் குறைவு.

சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1400 மி.மீ. மழை. பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதுவும் சில நாட்களில் மொத்தமாக. கோவையில் அந்த அளவு இல்லை, காற்றும் உண்டு, அதனால் இங்கே கூரையில்லாமலே ஜெல்லி பீன் தப்பிக்கிறது. சென்னைக்காரர்கள் அதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

200 மைக்ரான் யுவி தாங்கும் பாலித்தீன் ஷீட்டை ஜிஐ குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். ஒரு பக்கம் 7 அடி, எதிர்ப்பக்கம் 6 அடி, அப்போதுதான் தண்ணீர் வழிந்து ஓடும், நடுவில் பை மாதிரி தொங்காது. நான்கு பக்கமும் திறந்தே இருக்க வேண்டும். பக்கத்தையும் மூடினால் உள்ளே புழுக்கம் ஏறி, மழை படாமலே அழுகும். புயல் எச்சரிக்கை வந்தால் ஷீட்டைக் கழற்றிச் சுருட்டிவிட்டுத் தொட்டிகளை வீட்டுக்குள் எடுங்கள். மூன்று நான்கு நாள் வெளிச்சமில்லாமல் இருந்தால் சீடத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரத்துக்கு மேல் போனால் வெளுத்து நீளும்.

தொட்டியை மாடித் தரையில் நேராக வைக்காதீர்கள். ஒரு அடி உயர ஸ்டாண்டு. மழையில் தேங்கிய தண்ணீர் துளை வழியாக ஏறாது, கோடையில் தளத்தின் சூடும் தாக்காது. கத்திரி வெயிலில் பகல் 11 மணிக்குப் பிறகு 50 சதவீதப் பச்சை வலை. தை, மாசியில் வலையை எடுத்துவிட வேண்டும். அந்த இரண்டு மாதம் குளிர்ந்த இரவும் நேர் வெயிலும் கிடைத்தால்தான் ஜெல்லி பீன் சிவக்கும். வருடம் முழுக்க வலைக்குள் வைத்துவிட்டுச் சிவப்பு வரவில்லை என்றால் எப்படி வரும்?

பிளாஸ்டிக்கிலிருந்து மண் தொட்டிக்கு மாற முடிந்தால் மாறுங்கள். மழை மாதங்களில் சுவர் வழியாகவும் ஈரம் போகும்.


பூச்சிக்கண் (திருச்சி) எழுதியது:

கலவை மாற்றும்போது வேரைப் பாருங்கள். தொட்டியின் உள்சுவரில், வேர்களுக்கு நடுவில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. பெர்லைட் (கலவையில் போடும் வெள்ளை நுரைக்கல் துகள்) என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விரலால் நசுக்கினால் தெரிந்துவிடும், பெர்லைட் பொடியும், பூச்சி ஈரமாகப் பிசுபிசுக்கும். இருந்தால் பழைய மண் முழுவதையும் உதறி, வேரைத் தண்ணீரில் அலசி, கெட்ட வேரை வெட்டி, நிழலில் இரண்டு நாள் உலர்த்திப் புதுக் கலவையில் நடவும். பழைய மண்ணைப் பக்கத்துத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

இலைக்கணுவில் இருக்கும் சாதா மாவுப்பூச்சிக்கு 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால், சின்ன பிரஷில் தொட்டு, பூச்சியின் மேல் மட்டும். சாயங்காலம் செய்யவும், வெயிலில் செய்தால் இலையில் வடு விழும். வாரம் ஒரு முறையாக மூன்று முறை, இல்லாவிட்டால் முட்டையிலிருந்து வந்தவை மறுபடி பரவும்.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மி.லி., சோப்புக் கரைசல் 1 மி.லி. என்பது மெல்லிய இலை சீடத்துக்குச் சரி. டாங்கி டெயில் மாதிரி இலையில் சாம்பல் பூச்சு உள்ளவற்றுக்கு எண்ணெய் வேண்டாம். அந்த மெழுகுப் பூச்சு கரைந்து போய்விடும், அந்த இலையில் திரும்பி வராது. வெயிலைத் தாங்க அதுதான் அதற்குத் துணை.

எறும்பு வரிசை கட்டினால் மாவுப்பூச்சி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். எறும்பு அதன் தேன்கழிவுக்காகக் காவல் காக்கும், இடம் மாற்றியும் விடும். ஸ்டாண்டு காலில் இரண்டு அங்குல அகலத்துக்கு கிரீஸ் தடவுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை அவசியம் பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில் அதைவிடப் பெரிதாக, வெள்ளை மெழுகு இழைகள் நீண்டு தொங்க, வேகமாக ஊர்ந்து போகும் ஒன்று தெரிந்தால் கொல்லாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதுதான் அதன் தொழில். 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மாவுப்பூச்சி அசையாமல் ஒட்டியிருக்கும் அல்லது மிக மெதுவாக நகரும், இது ஓடும். அது வந்துவிட்ட தொட்டியில் எந்த மருந்தும் அடிக்க வேண்டாம்.


வித்யா_தாம்பரம் எழுதியது:

ஜெல்லி பீன் அடித்தண்டு அரை அங்குலம் கறுத்திருக்கிறது. மருந்து ஏதாவது ஊற்றினால் பிழைக்குமா?


பூச்சிக்கண் (திருச்சி) எழுதியது:

ஊற்றிப் பயனில்லை அக்கா. கறுத்த தண்டு திரும்பாது. கத்தியை ஆல்கஹாலில் துடைத்து, கறுப்புக்கு மேலே ஒரு அங்குலம் தள்ளி வெட்டுங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள். முழுக்க வெளிர்ப்பச்சையாக இருந்தால் சரி. நடுவில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் கத்தியை மறுபடி துடைத்து இன்னும் மேலே வெட்டுங்கள். சுத்தமான இடம் வரும்வரை விடக்கூடாது. அந்தத் துண்டுதான் இனி உங்கள் செடி. மண்ணையும் மீதியையும் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.

புதுக் கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி (வேர் அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சை) கிலோவுக்கு 5 கிராம் கலக்கலாம். ஆனால் காப்பர் ஆக்சிகுளோரைடு என்கிற பூஞ்சைக்கொல்லியையும் அதையும் ஒரே சமயத்தில் போடாதீர்கள், டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், செத்துவிடும்.


மாடிச்சட்டி (வேளச்சேரி) எழுதியது:

அந்தத் துண்டை நடும் முறை: தடித்த இலை வகை என்றால் நிழலில், காற்றோட்டமான இடத்தில் நான்கைந்து நாள் காய வைத்து, வெட்டுமுகம் தோல் கட்டிய பிறகு உலர்ந்த கலவையில் ஒரு அங்குலம் ஊன்றுங்கள். மூன்று நான்கு நாள் கழித்து முதல் தண்ணீர். கோல்டன், வெரிகேட்டா நுனிகள் 2 முதல் 3 அங்குலம், அடியில் மூன்றில் ஒரு பங்கு இலையை உருவிவிட்டு, ஒரு நாள் ஆறவைத்தால் போதும். லேசான ஈரத்தில் ஒரு வாரம் பத்து நாளில் வேர்விடும். 6 அங்குலச் சட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டு ஊன்றினால்தான் சீக்கிரம் மூடும்.

உதிர்ந்த ஜெல்லி பீன் இலைகளில் உறுதியாக இருப்பவற்றை எறியாதீர்கள். இலை அடியோடு முழுதாகக் கழன்றிருக்க வேண்டும், பாதியில் கிள்ளியது முளைக்காது. முளை வருவது தண்டோடு ஒட்டியிருந்த அந்த நுனியிலிருந்துதான். மூன்று நாள் காயவைத்துக் கலவையின் மேல் சும்மா பரப்புங்கள், புதைக்க வேண்டாம். இளஞ்சிவப்பு வேர் தெரியும்வரை தண்ணீர் கிடையாது. தெரிந்த பிறகு அந்த இடத்தில் மட்டும் ஸ்ப்ரே. தாய் இலை தானாக வற்றி உதிரும்வரை கைவைக்காதீர்கள், குட்டிக்குச் சாப்பாடே அதிலிருந்துதான்.

இன்னொன்று, புதிதாக வாங்கும் எல்லாச் செடிக்கும் இது பொருந்தும். நர்சரியிலிருந்து வரும் சீடத்தின் வேர்ப்பந்தைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் கோழிமுட்டை அளவுக்குக் கோகோபீட் உருண்டை இருக்கும், சிலவற்றில் வலைத்துணிப் பையோடு. அதை அப்படியே வைத்து நட்டால் சுற்றிலும் எவ்வளவு நல்ல கலவை போட்டாலும் நடுப்பகுதி வாரக்கணக்கில் ஈரமாக நிற்கும். ஒரு பாத்திரத் தண்ணீரில் முக்கி, விரலால் பிசைந்து, பீட் முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் நட வேண்டும்.


நீலகிரி_நாற்று (குன்னூர்) எழுதியது:

சமவெளியில் வேண்டாம் என்று பாறைத்தோட்டம் சார் சொன்ன டிராகன்ஸ் பிளட்டும் ஏஞ்சலினாவும் இங்கே தரையிலேயே வரும். ஆனால் மலை என்றால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். ஆனி முதல் ஆவணி வரை ஊட்டிப் பக்கம் விடாத சாரலும் மூடுபனியும். தரை மட்டத்தில் நட்டால் அழுகும். 8 முதல் 10 அங்குலம் மேடாக்கி, பாதிக்குப் பாதி ஜல்லி கலந்து, சரிவாக அமைத்து, செடியின் கழுத்தைச் சுற்றி ஒரு அங்குலம் சிறு கல் பரப்ப வேண்டும். மார்கழி, தையில் ஊட்டிப் பள்ளங்களில் உறைபனி விழும். அதை ஏஞ்சலினா தாங்கும். ஜெல்லி பீனும் டாங்கி டெயிலும் தாங்காது, இலை கண்ணாடியாகி மறுநாள் கறுத்துவிடும். அவற்றைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைக்க வேண்டும்.

ஒரு கேள்வி: உயரமாக வளர்ந்து குடை மாதிரி பூக்கும் ஸ்பெக்டாபிலே வகை இங்கே இலை செழிப்பாக வருகிறது, பூ மட்டும் அரிது. உரக்குறைவா?


மார்க்கம்_தோட்டம் (கனடா) எழுதியது:

உரக்குறைவு இல்லை அண்ணை. அது நீண்ட பகல் கேட்கிற செடி. இங்க டொரொண்டோ பக்கம் ஜூன் மாசத்தில பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல. ஊட்டி 11 பாகை வடக்கில இருக்கிறபடியால் அங்க எவ்வளவு நீண்ட பகலும் 13 மணித்தியாலத்தைத் தொடாது. குளிர் காணும், பகல் காணாது. சித்திரை வைகாசியில பொழுதுபட்ட பிறகு எல்இடி பல்பை நாலு மணித்தியாலம் எரிய விட்டுப் பாருங்கோ, சில கிழமை (வாரம்) தொடர்ந்து செய்ய வேணும்.

இங்க எல்லாரும் வளர்க்கிறது ஆட்டம் ஜாய் (Autumn Joy). இப்ப இந்த உயரமான வகைகளை சீடம் எண்டு இல்லாமல் ஹைலோடெலிஃபியம் எண்டு தனியாப் பிரிச்சுப் போட்டினம், கடையில பழைய பெயர்தான். ஆட்டம் ஜாய், ஜெர்மனியில ஜார்ஜ் அரெண்ட்ஸ் நர்சரி 1950களில கொண்டுவந்தது. ஆவணி கடைசியில ரோசா நிறத்தில துவங்கி ஒக்டோபரில செம்பு நிறமாகும். தேனீ கனக்க வரும்.

கனடாவில இருக்கிறவையளுக்குச் சொல்ல வேண்டியது ஒண்டுதான்: பசளை போட வேண்டாம். புல்லுக்குப் போடுற நைட்ரஜன் பக்கத்துப் பாத்தியில விழுந்தாலே காணும், தண்டு இளகி நடுவால பிளந்து நாலு பக்கமும் சரியும். ஜூன் முதல் கிழமையில செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டி விடுங்கோ. பூ ரெண்டு மூண்டு கிழமை பிந்தும், தலை கொஞ்சம் சிறிசா வரும், ஆனால் சரியாது. மூண்டு நாலு வருசத்துக்கு ஒருக்கால், ஏப்ரலில முளை ஒரு அங்குலம் தெரியேக்க மண்வெட்டியால பிளந்து, வெளிப்பக்கத்துத் துண்டை மட்டும் நடவேணும். நடுப்பகுதி கிழண்டு போயிருக்கும். காய்ஞ்ச தண்டைக் குளிர் முடியும்வரை வெட்டாதேங்கோ, பனி அதில தங்கி முளையைக் காக்கும்.


கரிசல் (விருதுநகர்) எழுதியது:

மாடித் தளம் முழுக்க சீடம் பாய் மாதிரி விரித்து வீட்டைக் குளிர வைக்கலாம் என்று ஒரு விளம்பரம் வருகிறது. வெளிநாட்டில் செய்கிறார்களாமே. இங்கே நடக்குமா?


பாறைத்தோட்டம் (கோவை) எழுதியது:

வெளிநாட்டில் உண்மைதான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் ஃபோர்டு டிரக் ஆலையின் கூரையில் 10 ஏக்கருக்கு மேல் சீடம் இருக்கிறது. ஜெர்மனியிலும் பரவலாக உண்டு. ஆனால் அந்தப் பாய்களில் வருவது ஆல்பம், ஆக்ரே, ஸ்பூரியம் (டிராகன்ஸ் பிளட் இதில் ஒரு வகை) கூட்டம், நான் மேலே சமவெளிக்கு வேண்டாம் என்று சொன்ன அதே கூட்டம். விருதுநகர் சித்திரை வெயிலில் தண்ணீர் விட்டாலும் கருகும், விடாவிட்டாலும் கருகும்.

எடையையும் கணக்குப் போடுங்கள். 10 செ.மீ. கலவை என்றால் சதுர மீட்டருக்கு 100 லிட்டர். நனைந்தபின் லிட்டருக்கு 1.2 முதல் 1.5 கிலோ. ஆக சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிலோ, பத்துக்குப் பத்தடி இடத்துக்கே ஒரு டன்னுக்கு மேல். கட்டடப் பொறியாளர் பார்க்காமல், நீர்க்கசிவுத் தடுப்பும் வேர்த் தடுப்பும் இல்லாமல் இறங்க வேண்டாம். ஆசையிருந்தால் 4 அங்குல ஆழமுள்ள தட்டுகளில் மெக்சிகானம், சார்மென்டோசம் போட்டு, 50 சதவீத வலைக்குக் கீழே, ஸ்டாண்டில் வைத்துப் பாருங்கள். வீட்டைக் குளிர்விப்பதில் பாதி வேலையை அந்த வலையே செய்துவிடும்.


வித்யா_தாம்பரம் எழுதியது:

எல்லாம் குறித்துக்கொண்டேன். வெரிகேட்டாவில் ஒரு பக்கம் முழுப் பச்சையாகத் தண்டுகள் வருகின்றன, வேகமாகவும் வளர்கின்றன. நல்லதுதானே?


மாடிச்சட்டி (வேளச்சேரி) எழுதியது:

இல்லை அக்கா, உடனே எடுத்துவிடுங்கள். பச்சைத் தண்டில் பச்சையம் அதிகம், அதனால் வெள்ளை ஓரத்தண்டைவிட வேகமாக வளர்ந்து ஒரு பருவத்துக்குள் சட்டியையே பிடித்துவிடும். மேலே கிள்ளினால் போதாது. அந்தத் தண்டு எந்தக் கணுவிலிருந்து கிளம்புகிறதோ அதுவரை தேடிப்போய், அடியில் வெள்ளை ஓரம் தெரியும் இலைக்கு மேலாக வெட்டுங்கள். முழு வெள்ளையாக வரும் தண்டையும் எடுங்கள், அது தானாகப் பிழைக்காது, சத்தைத்தான் இழுக்கும். ஜெல்லி பீனில் அரோரா என்று வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒன்று விற்கிறார்கள், அதை வாங்கினால் இலையிலிருந்து பெருக்காதீர்கள், பெரும்பாலும் சாதா ஜெல்லி பீனாகத்தான் முளைக்கும். தண்டுத் துண்டு மட்டும்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வாரம் ஜெல்லி பீனை வெட்டிக் காயப்போடுங்கள். அது காய்வதற்குள் மணலையும் சில்லையும் சலித்துக் கழுவி உலர்த்திவிடலாம். அடுத்த வாரம் டாங்கி டெயில், அதன் இலை தொட்டாலே உதிரும் என்பதால் தொட்டியை மூன்று நாள் காயவிட்டு, தொங்கும் பகுதியைத் துணியில் சுற்றிக்கொண்டு மாற்றுங்கள். கோல்டனும் வெரிகேட்டாவும் கடைசியில் மாற்றினாலும் தாங்கும். ஷீட் கட்டும் வேலையை மட்டும் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.